14 அங்குல பேண்ட்சாவில் பலகை பிளக்க எந்த பிளேடு நல்லது? நான்கு வகைகள், அவற்றுக்கான டென்ஷன்

பலகையைக் குத்துவாக்கில் நிறுத்தி, அதன் முழு அகலத்தையும் நெடுக்காகப் பிளப்பதைவிடக் கடினமான வேலை பேண்ட்சாவுக்கு (இரண்டு வீல்களைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடு கொண்ட ரம்ப இயந்திரம்) கிடையாது. 20 மி.மீ. பலகையில் வளைவு வெட்டும்போது தெரியாத குறைகள் எல்லாம் 200 மி.மீ. உயரப் பலகையைப் பிளக்கும்போது வெளியே வந்துவிடும். இந்த வேலைக்கு விற்கப்படும் பிளேடுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: சாதாரண கார்பன் ஸ்டீல், மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல், பைமெட்டல், கார்பைட் முனை. நான்கையும் 14 அங்குல வீல் கொண்ட வார்ப்பிரும்பு இயந்திரத்தை மனதில் வைத்தே இங்கே எடை போடுகிறோம். பெரிய இயந்திரத்துக்குத் தீர்ப்பு மாறும் இடங்களையும் சொல்லியிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 14 அங்குல இயந்திரத்துக்கு அரை அங்குல அகலம், 0.56 முதல் 0.64 மி.மீ. தடிமன், அங்குலத்துக்கு 3 பல், ஹூக் வகைப் பல் (முகம் முன்னே சாய்ந்தது) உள்ள பிளேடை வாங்குங்கள். அதை முழு டென்ஷனில் (பிளேடை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம்) ஏற்றுங்கள். முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ பொருந்தும் என்று இயந்திரத்தின் கையேட்டில் போட்டிருந்தாலும் அதை நம்பி வாங்க வேண்டாம். பிளேடு ஆடாமல் பிடிக்கும் கைடுக்குள் அது நுழைகிறதா என்பதை மட்டும் சொல்லும் எண் அது. அந்த பிளேடைத் தேவையான அளவு இழுத்துப் பிடிக்க இயந்திரத்தின் சட்டத்துக்கு வலு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பலகை பிளப்பதில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

அகலமும் சட்டத்தின் வலுவும்

அகலமான பிளேடு நேராக வெட்டும் என்ற எண்ணம் பாதி சரி. மரம் முன்னிருந்து தள்ளும்போது பிளேடு பின்னால் வளையாமல் தாங்கும் விறைப்பு, அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்குப் போனால் அகலம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, விறைப்போ மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஆனால் இந்தக் கணக்கு இரண்டு பிளேடும் ஒரே அழுத்தத்தில் இழுக்கப்பட்டிருந்தால்தான் செல்லும்.

கார்பன் ஸ்டீல் பிளேடுக்கு 15,000 முதல் 20,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு விசை), பைமெட்டலுக்கும் கார்பைடுக்கும் 25,000 முதல் 30,000 பிஎஸ்ஐ என்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. 20,000 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 138 நியூட்டன். அரை அங்குல, 0.64 மி.மீ. பிளேடில் பற்களின் உயரத்தைக் கழித்தால் இழுவிசையைத் தாங்கும் உடல் அகலம் 9.7 மி.மீ. அளவில் இருக்கும், குறுக்குப் பரப்பு 6.2 சதுர மி.மீ. ஒரு பக்கத்துக்கு 850 நியூட்டன் சொச்சம். பிளேடு மேல் வீலை இரண்டு பக்கமும் கீழே இழுப்பதால் சட்டம் தாங்க வேண்டியது சுமார் 175 கிலோ எடைக்குச் சமம். முக்கால் அங்குல, 0.8 மி.மீ. பிளேடுக்கு இதே கணக்கு 350 கிலோவைத் தாண்டும். ஒரு அங்குல, 0.9 மி.மீ. கார்பைட் பிளேடை 25,000 பிஎஸ்ஐக்கு ஏற்ற 600 கிலோவுக்கு மேல் வேண்டும்.

பெரும்பாலான 14 அங்குல இயந்திரங்களின் டென்ஷன் ஸ்பிரிங் இதற்கெல்லாம் வெகு முன்பே சுருள்மேல் சுருள் முட்டி நசுங்கிவிடும். அதற்குப் பிறகு கைப்பிடியைத் திருகினால் சட்டம் வளையும், மேல் வீல் சாயும், இரண்டு வீல்களும் ஒரே தளத்தில் நிற்காது. ஸ்பிரிங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிளேடு சூடேறி நீளும்போதும், வீலின் மேல் உள்ள ரப்பர் டயரில் தூள் ஒட்டி மேடாகும்போதும் வரும் ஏற்ற இறக்கத்தை அது வாங்கிக்கொள்கிறது. முழுதாக நசுங்கிய ஸ்பிரிங் அதைச் செய்யாது, அதிர்ச்சி நேராக பிளேடுக்குப் போகும். ஆகவே பாதி டென்ஷனில் தொங்கும் முக்கால் அங்குல பிளேடைவிட முழு டென்ஷனில் நிற்கும் அரை அங்குல பிளேடு நேராகப் பிளக்கும்.

தடிமன்: பேசப்படாத எண்

விற்பனை அட்டையில் அகலமும் பல் எண்ணிக்கையும் பெரிதாக இருக்கும், தடிமன் சிறு எழுத்தில் இருக்கும். பிளேடின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தச் சிறு எழுத்துதான். வீலின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் என்பது பழைய கைக்கணக்கு. 14 அங்குல வீலுக்கு அது 0.36 மி.மீ. ஆகும். பலகை பிளக்கும் பிளேடுகளில் அவ்வளவு மெல்லியது கிடைப்பது அரிது, அதனால் எல்லோரும் கொஞ்சம் மீறியே ஓட்டுகிறோம். எவ்வளவு மீறுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நேரான பட்டை வீலைச் சுற்றி வளையும்போது அதன் வெளிப்புறத்தில் ஏறும் அழுத்தம் தடிமனை விட்டத்தால் வகுத்து, எஃகின் மீள்மைக் கெழுவால் பெருக்கினால் கிடைக்கும். 0.56 மி.மீ. பிளேடுக்கு அது சதுர மி.மீ.க்கு 320 நியூட்டன் அளவு, 0.64க்கு 370, 0.9க்கு 510. நாம் கைப்பிடியைத் திருகி ஏற்றும் 138-ஐப் போல இது இரண்டு முதல் நான்கு மடங்கு வரை இருக்கும். பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இப்படி வளைந்து நிமிர்கிறது. 2,375 மி.மீ. நீள பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 45,000 வளைவுகள். பல்லிடைக் குழியின் அடியில் மயிரிழை விரிசல் தொடங்குவதும், ஒருநாள் வெட்டாமல் சும்மா ஓடும்போதே பிளேடு அறுவதும் இதனால்தான். அதற்கு டென்ஷனைக் குற்றம் சொல்லிக் குறைத்தால் வெட்டு கெடும், விரிசல் நிற்காது. 0.9 மி.மீ. பிளேடுகள் 18 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள வீல்களுக்கு உரியவை.

பல் எண்ணிக்கை

200 மி.மீ. உயரப் பலகையில் பல் ஒன்று உள்ளே நுழைந்து கீழே வெளியேறும்வரை சீவிய தூள் முழுவதையும் தனக்கு முன்னால் உள்ள குழியிலேயே சுமக்க வேண்டும், நடுவில் கொட்ட வழியில்லை. இதைக் கணக்காகப் பாருங்கள். அங்குலத்துக்கு 3 பல் என்றால் பல்லுக்குப் பல் 8.5 மி.மீ. பிளேடு 900 மீட்டர் ஓட, நீங்கள் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் தள்ளினால் ஒரு பல் கடிப்பது 0.0094 மி.மீ. 200 மி.மீ. உயரத்துக்கு இது கிட்டத்தட்ட 1.9 சதுர மி.மீ. கெட்டி மரம். தூளானால் மூன்று, நான்கு மடங்கு பொங்கி 6 முதல் 8 சதுர மி.மீ. இடம் கேட்கும். 3 பல் பிளேடின் குழியில் 12 சதுர மி.மீ. அளவுக்கு இடம் இருக்கிறது, தாராளம்.

அதே வேலையில் 6 பல் பிளேடைப் போட்டால் ஒவ்வொரு பல்லும் பாதி கடிக்கிறது. ஆனால் குழியின் நீளம், ஆழம் இரண்டும் பாதியாவதால் இடம் கால்வாசியாகச் சுருங்குகிறது. 3 முதல் 4 சதுர மி.மீ. தூள் 3 சதுர மி.மீ. குழியில் அடைந்து இறுகும். இறுகிய தூள் பக்கவாட்டில் பிதுங்கி பிளேடை ஒரு பக்கம் தள்ளும், மரத்தோடு உரசிச் சூடாக்கும். பலகையின் நடுவில் தொப்பையாக வளைந்த வெட்டு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. உடனே டென்ஷனைக் கூட்டுவது வழக்கமாக இருக்கிறது. முதலில் பல்லை எண்ணுங்கள்.

75 மி.மீ. உயரம் வரை 4 பல் போதும். 100 முதல் 200 மி.மீ. வரை 3. அதற்கு மேலோ ஈர மரமோ என்றால் 2 அல்லது 2-3 மாறுபடும் இடைவெளி. பல் குறைந்தால் வெட்டிய முகம் சொரசொரப்பாகும் என்ற பயம் பலகை பிளப்பதில் பெரிதாக வேண்டியதில்லை. எப்படியும் இழைப்புளி போடப் போகிறீர்கள்.

பல் வடிவத்தில் ரெகுலர் வகை இந்த வேலைக்கு ஆகாது, அதன் குழி சிறியது. ஸ்கிப் வகையில் குழி பெரிது, ஆனால் பல்லின் முகம் நேர்குத்தாக நிற்பதால் மரத்தைச் சுரண்டியபடி போகும், கை அதிகம் தள்ள வேண்டும். ஹூக் வகையில் முகம் 10 டிகிரி அளவு முன்னே சாய்ந்திருப்பதால் பல் தானே மரத்துக்குள் இறங்குகிறது. தள்ளும் விசை குறைந்தால் பிளேடு பின்னால் வளைவதும் குறையும். கடின மரத்தைப் பிளக்க ஹூக் தவிர வேறொன்றை யோசிக்கத் தேவையில்லை.

நான்கு வகைகளும்

கார்பன் ஸ்டீல். வளையும் முதுகு, கடினப்படுத்திய பல் முனை, கடினம் ராக்வெல் சி அளவில் 64 பக்கம். எல்லாவற்றிலும் மலிவு, எங்கும் கிடைப்பது, எந்த நீளத்துக்கும் வெல்டு செய்து தருவார்கள். புதிதாக இருக்கும்போது இதன் வெட்டு ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் பைமெட்டலுக்கும் சளைத்ததல்ல. குறை சூட்டில்தான் இருக்கிறது. பல் முனை 200 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே கடினத்தை இழக்கத் தொடங்கும். தேக்கு போன்ற, சிலிக்கா உள்ள மரத்தில் சில பலகைகளிலேயே முனை மழுங்கிவிடும். மாதத்தில் ஓரிரு முறை பலகை பிளப்பவருக்கு இது போதும். மழுங்கியதும் மாற்றிவிடும் மனம் மட்டும் வேண்டும். மழுங்கிய கார்பன் பிளேடை இன்னும் ஒரு பலகை, இன்னும் ஒரு பலகை என்று ஓட்டுவதில் வீணாகும் மரம் புது பிளேடின் விலையை மிஞ்சும்.

மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல். ஹைலேண்ட் உட்வொர்க்கிங் விற்கும் உட் ஸ்லைசர் இவ்வகையில் பெயர் பெற்றது: அரை அங்குல அகலம், 0.56 மி.மீ. தடிமன், 3-4 மாறுபடும் பல் இடைவெளி, மிகக் குறைந்த செட் (பற்களை இடமும் வலமும் வளைத்திருக்கும் அளவு), அறுப்பு வாய் (வெட்டின் அகலம்) 0.8 மி.மீ. மட்டுமே. 14 அங்குல இயந்திரத்துக்காகவே அளவெடுத்தது போன்ற பிளேடு. சட்டத்துக்குச் சுமை குறைவு, வீலில் வளையும் அழுத்தம் குறைவு, மோட்டார் வெட்ட வேண்டிய மரமும் குறைவு. இடைவெளி மாறி மாறி இருப்பதால் அதிர்வு ஒரே தாளத்தில் சேர்ந்து பெருகாது, வெட்டிய முகத்தில் அலைவரி குறைகிறது. செட் குறைவு என்பதே இதன் பலவீனமும். ஈர மரத்திலும் பிசின் உள்ள மரத்திலும் பிளேடின் உடல் உரசும், வளைவு வெட்டவே கூடாது. பல் முனை மட்டும் கடினப்படுத்தப்பட்டிருப்பதால் தீட்டித் திரும்பப் பயன்படுத்துவதும் உசிதமில்லை. உலர்ந்த மரத்தில் வெனீரும் மெல்லிய பலகையும் எடுப்பதற்கென்றே ஒதுக்கி வைத்தால் இந்த வகைக்கு எங்கள் முதல் இடம்.

டிம்பர் வுல்ஃப் பிளேடுகளும் இந்த வரிசைக்கு அருகில் வருபவை. சிலிக்கன் கலந்த எஃகில் செய்து, குறைந்த டென்ஷனில் ஓட்டும்படி விற்கப்படுகின்றன. ஸ்பிரிங் வலு குறைந்த இயந்திரத்துக்கு அது உண்மையான நன்மை.

பைமெட்டல். ஸ்பிரிங் ஸ்டீல் முதுகில் எம்42 கோபால்ட் அதிவேக எஃகை விளிம்பாக வெல்டு செய்து, அதில் பல் வெட்டியிருப்பார்கள். எம்42-இல் கோபால்ட் 8 சதவீதம். கடினம் ராக்வெல் சி 67 முதல் 69. முனை 600 டிகிரி அருகிலும் கடினத்தை விடாது. பழைய மரம், எங்கோ ஓர் ஆணி ஒளிந்திருக்கக்கூடிய மரம், சிலிக்கா உள்ள மரம் ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். கார்பன் பிளேடைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். பைமெட்டல் பிளேடுகளில் பெரும்பாலானவை உலோகம் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டவை: பல் நெருக்கம், செட் அதிகம். மரம் பிளக்க வேண்டியது அரை அங்குலம், 0.64 மி.மீ., 3 பல், ஹூக் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 25,000 பிஎஸ்ஐ டென்ஷன் எதிர்பார்ப்பதால் 14 அங்குல இயந்திரத்தின் ஸ்பிரிங் எல்லைக்கு அருகில் போகும். ஸ்பிரிங் பழையதென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

கார்பைட் முனை. ஒவ்வொரு பல்லிலும் கார்பைட் துண்டை ஒட்டி, துல்லியமாகச் சாணை பிடித்திருப்பார்கள். பல்லை இடமும் வலமும் வளைத்து செட் வைக்காமல் முனையின் அகலத்தாலேயே அறுப்பு வாய் வருவதால் வெட்டிய முகம் வழுவழுப்பில் மற்ற மூன்றையும் தோற்கடிக்கும். லெனாக்ஸ் உட்மாஸ்டர் சிடி ஒரு அங்குல அகலத்தில் 0.9 மி.மீ. தடிமனும் அங்குலத்துக்கு 1.3 பல்லும் கொண்டது. லகுனாவின் ரீசா கிங் மாறுபடும் இடைவெளி உள்ளது, திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம். நாள்தோறும் பலகை பிளக்கும், 18 அங்குலத்துக்கு மேல் எஃகுச் சட்ட இயந்திரம் உள்ள பட்டறைக்கு இந்த வகையே சிக்கனம். 14 அங்குலத்தில் அரை அங்குல, 0.64 மி.மீ. கார்பைட் பிளேடைப் பொருத்தலாம், அதற்கு மேல் போனால் பணமும் பிளேடும் வீண். ஆணி பட்டால் முனை உடைந்து பறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாய் அகலத்தை வைத்து மர மிச்சத்தைக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு சொல். 50 மி.மீ. பலகையிலிருந்து 3 மி.மீ. தகடுகள் எடுத்தால் 0.8 மி.மீ. வாயில் 13 வரும், 1.6 மி.மீ. வாயில் 11. காகிதத்தில் இது பெரிய வித்தியாசம். ஆனால் மெல்லிய பிளேடின் தகட்டில் ரம்பக் கோட்டை எடுக்க இன்னும் அரை மி.மீ.க்கு மேல் இழைக்க வேண்டியிருக்கும், கார்பைட் தகட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதைச் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும்.

டென்ஷனை எப்படி அளப்பது

இயந்திரத்தின் பின்னால் கால், அரை, முக்கால் என்று அகலம் போட்ட அளவுகோல் இருக்கும். அது காட்டுவது ஸ்பிரிங் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை மட்டும். 0.56 மி.மீ. பிளேடும் 0.9 மி.மீ. பிளேடும் அதற்கு ஒன்றுதான். ஸ்பிரிங் தளர்ந்தால் அதே கோட்டில் நிற்கும்போது விசை குறைந்திருக்கும். தொடக்கப் புள்ளியாக மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

செலவில்லாமல் சரியாக அளக்க இரண்டு வழி உண்டு. முதலாவது வெர்னியர். பிளேடு நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் லேசாக இழுத்து, டிஜிட்டல் வெர்னியரை 125 மி.மீ. திறந்து, அதன் இரண்டு தாடைகளையும் சிறு கிளாம்ப்களால் பிளேடின் உடலோடு பிடித்துவிடுங்கள். வெர்னியரின் பூட்டுத் திருகு தளர்ந்திருக்க வேண்டும். காட்சியைப் பூஜ்யமாக்கிவிட்டு டென்ஷனை ஏற்றுங்கள். பிளேடு நீள்வதை வெர்னியர் காட்டும். 0.06 மி.மீ. என்றால் 15,000 பிஎஸ்ஐ, 0.08-க்குச் சற்று மேல் 20,000, 0.10-ஐத் தாண்டினால் 25,000. எஃகு எந்த வகையானாலும் மீள்மைக் கெழு ஏறக்குறைய ஒன்றே என்பதால் இந்த எண்கள் நான்கு வகை பிளேடுக்கும் பொருந்தும். கழற்றாமல் இயந்திரத்தை ஓட்டிவிடக் கூடாது, அளக்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இரண்டாவது ஒலி. பிளேடைத் தட்டி ஒலி கேட்பது வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் அதற்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. இழுத்துக் கட்டிய பட்டையின் சுருதி அதன் நீளத்தையும் சதுர மி.மீ.க்கு உள்ள அழுத்தத்தையும் மட்டுமே பொறுத்தது. அகலமும் தடிமனும் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. பிளேடு நீளத்திலிருந்து வீலின் சுற்றளவைக் கழித்து இரண்டால் வகுத்தால் இரு வீல்களுக்கும் இடையிலான பிளேடின் நீளம் வரும். 14 அங்குல வீல், 2,375 மி.மீ. பிளேடு என்றால் அது 630 மி.மீ. கைடுகளை முழுவதும் விலக்கிவிட்டு, மேசை இல்லாத பக்கத்தில் பிளேடின் தட்டை முகத்தை விரலால் சுண்டி, போனில் உள்ள சுருதி செயலியைப் பாருங்கள். 15,000 பிஎஸ்ஐக்கு 90 ஹெர்ட்ஸ், 20,000க்கு 105, 25,000க்கு 118 அளவில் வரும். பற்கள் எடையைக் கூட்டும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே உண்மையில் சில ஹெர்ட்ஸ் குறைவாகவே காட்டும். வெர்னியரில் ஒருமுறை சரிபார்த்து உங்கள் இயந்திரத்தின் எண்ணைக் குறித்து வைத்தால், பிறகு ஒவ்வொரு முறையும் அரை நிமிட வேலைதான்.

பிளேடைக் கைடு இல்லாமல் ஓடவிட்டு, டென்ஷனை மெல்லத் தளர்த்தி, அது படபடக்கும் புள்ளியைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்று இறுக்கும் முறை டிம்பர் வுல்ஃப் போன்ற குறைந்த டென்ஷன் பிளேடுகளுக்கு ஏற்றது. உயரப் பலகை பிளக்க அந்தப் புள்ளியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். கைடை 150 மி.மீ. உயர்த்தி விரலால் பக்கவாட்டில் அழுத்தி, 6 மி.மீ.க்கு மேல் போகாமல் பார்ப்பது அவசரத்துக்கு உதவும். விரலின் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதைத் துல்லியமாக எண்ண வேண்டாம்.

ஏற்றும் வரிசை

வரிசை தவறினால் நல்ல பிளேடும் கெட்ட பெயர் வாங்கும். மேல், கீழ் கைடுகளையும் பிளேடின் முதுகைத் தாங்கும் பின் பேரிங்குகளையும் முழுவதும் விலக்குங்கள். டயரில் ஒட்டிய தூளைத் துடையுங்கள். பல் மேசையை நோக்கிக் கீழே பார்க்கும்படி பிளேடை மாட்டி, பாதி டென்ஷன் ஏற்றி, கையால் வீலைச் சுற்றியபடி மேல் வீலின் சாய்வைத் திருத்துங்கள். நடுவில் மேடுள்ள டயரில் பல்லிடைக் குழியின் அடி அந்த மேட்டின் உச்சிக்கு நேராக வரட்டும். தட்டையான டயர் உள்ள பெரிய இயந்திரத்தில் பற்கள் டயரின் முன் விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் செட் ரப்பரை அறுக்கும். பிறகு முழு டென்ஷன் ஏற்றி, ஓட்டத்தை மறுபடி பாருங்கள். டென்ஷன் ஏறும்போது அது நகர்ந்திருக்கும்.

அதன் பிறகே கைடு. பக்கக் கைடுகளுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு காகிதத்தின் தடிமன், கைடின் முன் விளிம்பு குழியின் அடிக்கு ஒரு மி.மீ. பின்னால். கைடு பற்களைத் தொட்டால் ஒரே சுற்றில் செட் போய்விடும். பின் பேரிங் அரை மி.மீ. தள்ளி இருக்கட்டும், வெட்டும்போது மட்டும் பிளேடு அதைத் தொட வேண்டும். மேல் கைடு பலகைக்கு 6 முதல் 10 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும்.

மேசை பிளேடுக்குச் செங்குத்தா என்று பார்க்காமல் விட்டால் அரை டிகிரி சாய்வு 200 மி.மீ. உயரத்தில் 1.7 மி.மீ. ஆகிவிடும். மட்டம் பார்த்த பலகைத் துண்டில் சிறிது வெட்டி, பிளேடை நிறுத்தி, துண்டைத் தலைகீழாகப் புரட்டி, அந்த வாயில் பிளேடின் முதுகு பக்கத்திலிருந்து நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் மேசையைத் திருத்துங்கள்.

எங்கே கெடுகிறது

வெட்டு ஒரு பக்கமாக இழுத்தால் பெரும்பாலும் வீல் மேல் பிளேடு ஓடும் இடம் சரியில்லை, அல்லது ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருக்கின்றன. ஓட்டத்தைத் திருத்தியும் போகவில்லை என்றால் கழிவுத் துண்டில் ஃபென்ஸுக்கு (பலகை சாய்ந்து நகரும் பக்கத் தடுப்பு) இணையான கோடு ஒன்று வரைந்து, ஃபென்ஸ் இல்லாமல் அந்தக் கோட்டில் பாதிவரை வெட்டி நிறுத்துங்கள். துண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தக் கோணத்துக்கு ஃபென்ஸைத் திருப்பினால் வேலை நடக்கும். கோணம் நாளுக்கு நாள் கூடினால் பிளேடு ஒரு பக்கம் தேய்கிறது என்று பொருள், ஃபென்ஸால் அதற்குத் தீர்வில்லை.

நடுவில் தொப்பை விழுந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் நேரானால் குழி அடைபட்டது. குறைத்தும் நேராகாவிட்டால் மழுங்கல். புது பிளேடிலும் வந்தால்தான் டென்ஷன். முகத்தில் சம இடைவெளியில் அலைவரி வந்தால் அது அதிர்வு, தள்ளும் வேகத்தையோ டென்ஷனையோ சிறிது மாற்றினாலே போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் டக் டக் என்று ஒரே சத்தம் வந்தால் வெல்டு இணைப்பு மேடாகவோ கோணலாகவோ இருக்கிறது. முதுகை நேர்விளிம்பு ஒன்றில் வைத்துப் பாருங்கள், கோணலாக வெல்டு செய்த பிளேடைத் திருப்பித் தருவதே சரி. சத்தம் இதற்கு முன் இல்லாமல் புதிதாக வந்தால் உடனே நிறுத்துங்கள், அது பெரும்பாலும் விரிசல்.

பலகை தானே வாயை மூடி பிளேடை இறுக்கினால் குற்றம் மரத்தின் உள் இழுவிசையில். இயந்திரத்தை நிறுத்தி, பிளேடுக்குப் பின்னால் வாயில் மெல்லிய ஆப்பு ஒன்று செருகி, பிறகு தொடருங்கள். பிளந்த தகடுகள் வளைவதும் இதனால்தான், உள்ளேயும் வெளியேயும் ஈரம் வேறுபட்டால் இன்னும் வளையும். 6 மி.மீ. தகடு வேண்டுமென்றால் 8 மி.மீ.க்குப் பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி வைத்துப் பிறகு இழையுங்கள்.

பலகையின் ஒரு முகமும் ஒரு விளிம்பும் இழைத்து மட்டமாக இருந்தால்தான் ஃபென்ஸில் ஆடாமல் போகும். ஃபென்ஸ் பலகையின் பாதி உயரமாவது இருக்க வேண்டும். பலகையை ஃபென்ஸோடு அழுத்தும் சீப்புப் பலகையை பிளேடுக்கு முன்னால் மட்டும் வையுங்கள், பிளேடுக்கு நேராக வைத்தால் வாய் மூடி இறுக்கும். கடைசி 50 மி.மீ.க்கு விரல் வேண்டாம், தள்ளுகட்டை.

பராமரிப்பு

புது பிளேடின் முதல் சில வெட்டுகளை வழக்கமான வேகத்தில் பாதியில் ஓட்டுங்கள். கூரான முனை மெல்லியது, எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுத்தால் நுண்ணிய துண்டுகளாக உதிரும். முதுகின் இரண்டு மூலைகளையும் ஓடும்போது சாணைக்கல்லால் மெல்லத் தொட்டு உருட்டினால் பின் பேரிங்கில் அமைதியாக ஓடும். ஆனால் அதில் பொறி பறக்கும். இயந்திரத்துக்குள் இருக்கும் தூளை முதலில் முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப்பெட்டியில் தீப்பிடிக்கும்.

பிசின் படிந்த பிளேடு மழுங்கியது போலவே நடந்துகொள்ளும். தூக்கி எறியும் முன் காரம் கலந்த கழுவும் திரவத்தில் ஊறவைத்து, நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிப் பாருங்கள், பாதி பிளேடுகள் பிழைத்துவிடும். வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் டயரில் பள்ளம் விழும், ஸ்பிரிங் தளரும். தளர்த்திய இயந்திரத்தை மறந்து ஓட்டினால் பிளேடு வீலைவிட்டுக் கழன்றுவிடும், அதனால் சுவிட்ச் மேல் ஓர் அட்டை தொங்கவிடுவது நல்லது.

கழுவியும் தூள் இழையாக வராமல் மாவாக வந்தால், மரம் கருகும் வாசனை வந்தால், பலகையைத் தள்ள முன்பைவிட அதிக விசை வேண்டியிருந்தால் கூர் முடிந்துவிட்டது. கார்பைடைச் சாணைக்கு அனுப்புங்கள். பைமெட்டலைக் குழியின் வடிவம் கெடாமல் தீட்டத் தெரிந்தவரிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். மற்ற இரண்டையும் மாற்றிவிடுங்கள்.